நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் குளிர்காலத்தில் என்ன கைவேலை கொடுக்கலாம்?

முல்லைக்கொடி (ஸ்காபறோ) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு நான்கு வயது. கனடாவின் ஸ்காபறோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வசிக்கிறோம். டிசம்பர் பிறந்துவிட்டால் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுவதால், பாடசாலை முடிந்து வந்த பிறகு அவர்களை வெளியே விளையாட விட நேரம் கிடைப்பதில்லை. வார இறுதியிலும் காற்றுக் கடுமையாக வீசினால் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறார்கள். அந்த நேரமெல்லாம் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் போய்விடக் கூடாது என்பதே என் கவலை.

கடைகளில் விற்கும் கைவேலைப் பெட்டிகளை வாங்கிக் கொடுத்தோம். அவற்றில் எல்லாம் முன்கூட்டியே வெட்டி, நிறம் தீட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. காட்டிய இடத்தில் ஒட்டினால் வேலை முடிந்துவிடுகிறது. மகளுக்குப் பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. மகனுக்கோ அதிலுள்ள சிறு மணிகளையும் பொத்தான்களையும் கையாளத் தெரியவில்லை. மேலும் அவை அனைத்தும் கிறிஸ்மஸை ஒட்டியவையாகவே இருக்கின்றன. ஜனவரி தொடங்கி மார்ச் வரை நீளும் குளிருக்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

எனக்குத் தேவையானது இந்தப் பருவத்தையே கைப்பொருளாகக் கொண்ட வேலைகள். வெளியே கொட்டும் பனி, உறையும் நீர், சீக்கிரம் வரும் இருள் ஆகியவற்றைக் கொண்டு இருவரும் தங்கள் கையாலேயே செய்யக்கூடியவை எவை? தைப்பொங்கலும் இதே குளிரில்தான் வருகிறது. அதையும் பிள்ளைகளின் கைவேலையோடு இணைக்க வழி இருந்தால் சொல்லுங்கள். எங்களுக்கு முற்றம் கிடையாது, ஒரு சிறிய பால்கனி மட்டுமே உண்டு என்பதை மனதில் கொள்ளவும்.


வெண்கட்டி மறுமொழி எழுதுகிறார்:

வணக்கம் சகோதரி. பாலர் வகுப்புகளில் நெடுங்காலம் கற்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். குளிர்காலக் கைவேலை என்றால் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்வதோடு பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். சன்னலுக்கு வெளியே விழுகின்ற பனியைப் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பதே இல்லை. ஆகவே கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் பனியைப் பார்க்க வையுங்கள்.

அதற்கு ஒரு கறுப்புத் துணியும் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் போதும். பனி பெய்யும் நாளில் துணியை முதலில் பால்கனியில் விரித்து நன்றாகக் குளிரவிடுங்கள். வீட்டுச் சூடு துணியில் இருந்தால் பனித்துகள் விழுந்தவுடன் உருகிவிடும். பிறகு இரண்டொரு துகள்களை அதில் ஏந்தி, மூச்சுக் காற்றுப் படாமல் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா நாளும் ஒரே வடிவம் விழுவதில்லை. மேகத்தில் மைனஸ் 15 பாகை செல்சியஸ் அளவில் குளிர் இருக்கும்போது கிளை விரித்த அழகிய நட்சத்திரங்கள் உருவாகின்றன. மைனஸ் 5 பாகை அளவில் ஊசி போன்றவை உருவாகின்றன. இன்று என்ன விழுகிறது என்று கேட்டுப் பார்ப்பதையே பிள்ளைகள் ஒரு வழக்கமாக்கிக் கொள்வார்கள்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, 1885ஆம் ஆண்டு ஜனவரியில் நுண்ணோக்கியைப் புகைப்படக் கருவியோடு இணைத்துப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். தம் வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அந்தப் படங்களை உங்கள் மகளுக்குக் காட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். நன்றாக வளர்ந்த நட்சத்திரங்களில் ஆறு என்றுதான் விடை வரும். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதே அதற்குக் காரணம்.

இதை அறிந்த பிறகு தாளில் பனிப்பூ வெட்டத் தொடங்குங்கள். தாளை இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து வெட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. அப்படி வெட்டினால் நான்கு கைகள் கொண்ட பூத்தான் வரும். ஆறு கைகள் வேண்டுமானால் மூன்றாக மடிக்க வேண்டும். கோப்பி வடிக்கும் வட்டத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அது மெல்லியது, விலை குறைந்தது, ஏற்கெனவே வட்டமாக இருப்பது. முதலில் அதைத் தட்டையாக அழுத்தி அரைவட்டமாக மடியுங்கள். அந்த அரைவட்டத்தை மூன்று சம பங்காக, இரு ஓரங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுமாறு மடியுங்கள். இந்த நிலையிலேயே வெட்டினால் பூ முக்கோணச் சாயலுடன் மூன்று கைகளாகப் பிரிந்து நிற்கும். ஆகவே இன்னும் ஒருமுறை நடுவில் இரண்டாக மடித்துவிடுங்கள். இப்போது பன்னிரண்டு அடுக்குகள் இருக்கும். சாதாரண எழுதுதாளில் இத்தனை அடுக்கைச் சிறு கையால் வெட்ட முடியாது. வடிதாளில் ஆறு வயதுப் பிள்ளையால் முடியும். கடைசி மடிப்பை மட்டும் நீங்கள் அழுத்திக் கொடுத்தால் போதும்.

மகனின் கை வேறு. நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகளால் கத்தரிக்கோலைத் திறந்து மூடிச் சிறு வெட்டுகள் போடவும், நேர்கோட்டில் ஓரளவு வெட்டவும் முடியும். வளைவாக வெட்டும் திறன் பின்னால்தான் வரும். அவனிடம் மடித்த தாளைக் கொடுத்தால் வெட்ட முடியாமல் அழுவான். விரலகலத்தில் நீளமாக வெட்டிய தடித்த தாள் துண்டுகளைக் கொடுங்கள். ஒரே வெட்டில் ஒரு துண்டு விழ வேண்டும். கட்டைவிரல் மேலே பார்க்கும்படி பிடிக்கிறானா என்பதைக் கவனியுங்கள். இடக்கைப் பிள்ளையாக இருந்தால் இடக்கைக் கத்தரிக்கோல் வாங்குவது மிகவும் அவசியம். வலக்கைக் கத்தரிக்கோலில் அலகு வெட்டும் கோட்டையே மறைத்துவிடும். அவன் வெட்டிய துண்டுகளை நீலத் தாளில் பசை தடவித் தூவினால் அதுவே பனிப்பொழிவாகிவிடும்.

இருவரும் ஒன்றாகச் செய்யக்கூடியது உப்புப் படம். வெந்நீரில் எப்சம் உப்பை (மருந்தகங்களில் கிடைக்கும் மக்னீசியம் சல்பேற்று) கரையும் மட்டும் கரைத்து, ஆறிய பின் தூரிகையோடு கொடுங்கள். கறுப்புத் தாளில் தீட்டும்போது வெறும் ஈரமாகத் தெரியும். காயக் காய வெள்ளை ஊசிகளாகப் படிகம் விரியும், மேசைக்கு அருகிலேயே நின்று பார்க்கலாம். சமையல் உப்பில் செய்தால் ஊசிக்குப் பதிலாகச் சிறு கனசதுரங்கள் வரும். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து உருப்பெருக்குக் கண்ணாடியால் ஒப்பிட்டுப் பார்ப்பதை மகள் மிகவும் விரும்புவாள் என்று நினைக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் செய்ததை நீங்கள் திருத்தி அழகாக்காதீர்கள். கோணலாக வெட்டிய பனிப்பூவைக் கோணலாகவே சன்னலில் ஒட்டுங்கள். தாயின் கை பட்டுச் சீரானதைத் தன்னுடையது என்று பிள்ளை எண்ணுவதில்லை.


வடதிசை (சட்பரி) மறுமொழி எழுதுகிறார்:

வணக்கம் அக்கா. வெண்கட்டி அம்மா பனியைப் பற்றி எழுதிவிட்டார். நான் இருளையும் உறைபனியையும் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒன்ராறியோவின் வடபகுதிக் குளிர் என்பதால் இதைச் செய்வது எளிது. உங்களுக்கும் ஜனவரியில் மைனஸ் 10க்குக் கீழே போகும் இரவுகள் கட்டாயம் கிடைக்கும்.

பின்லாந்திலும் சுவீடனிலும் குளிர்கால மாலைகளில் வீட்டு வாசலில் பனிக்கட்டி விளக்கு வைக்கும் வழக்கம் உண்டு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் நீர் நிரப்பி இரவு முழுவதும் வெளியே வைத்தால், நீர் மேற்புறத்திலிருந்தும் ஓரங்களிலிருந்தும் உள்நோக்கி உறைந்து வரும். நடுவில் இருப்பது காலையிலும் நீராகவே இருக்கும். வாளியை உள்ளே கொண்டுவந்து சற்று நேரம் வைத்தால் கட்டி கழன்றுகொள்ளும். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, இப்போது மேலே வந்திருக்கும் மெல்லிய அடிப்புறத்தை உடைத்து நீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டால், கண்ணாடிக் குடம் போன்ற ஒரு கூடு கிடைக்கும். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது குளிரைப் பொறுத்தது. சுவர் இரண்டு விரல் தடிப்புக்கு வந்தவுடன் எடுத்துவிட வேண்டும், அதிகம் விட்டால் முழுவதும் கட்டியாகிவிடும்.

ஆயினும் சிறு பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது வேறு முறை, ஏனென்றால் மேலே சொன்னதில் அவர்கள் செய்வதற்கு நீர் ஊற்றுவதைத் தவிர வேலை இல்லை. ஒரு பெரிய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் சிறிய பிளாஸ்டிக் குவளை ஒன்றை வைத்து, குவளை மிதக்காதபடி அதற்குள் கூழாங்கற்களைப் போடுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியில் கிரான்பெரிப் பழங்கள், சிடார் மரத்தின் சிறு கிளைகள், வட்டமாக அரிந்த தோடம்பழத் துண்டுகள் ஆகியவற்றைப் பிள்ளைகளே அடுக்கட்டும். எது எங்கே தெரிய வேண்டும் என்று இருவரும் பேசித் தீர்மானிப்பார்கள். நேரம் போவதே தெரியாது. பிறகு நீர் ஊற்றி வெளியே வையுங்கள். குளிர் போதாத நாளில் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையிலும் வைக்கலாம். மறுநாள் குவளைக்குள் சிறிது இளஞ்சூடான நீர் ஊற்றினால் அது கழன்று வரும். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒருபோதும் செய்ய வேண்டாம். நீர் உறையும்போது கனவளவில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் கண்ணாடி வெடித்துவிடும்.

எங்கள் வீட்டில் கார்த்திகை விளக்கீட்டை இப்படித்தான் கொண்டாடுகிறோம். சிட்டி எனப்படும் சிறு மண் விளக்குகளை உள்ளே ஏற்றிவிட்டு, வாசற்படியின் இருபுறமும் பனிக்கட்டி விளக்குகளை வைக்கிறோம். விளக்கீடு சில ஆண்டுகளில் நவம்பர் கடைசியிலேயே வந்துவிடும். அப்போது வெளியே போதிய உறைபனி இருக்காது என்பதால் உறைநிலை அறைதான் கைகொடுக்கும். அடுக்குமாடிப் பால்கனிகளில் திறந்த தீயை வைக்கப் பெரும்பாலும் அனுமதி இல்லை. ஆகவே மெழுகுவர்த்திக்குப் பதிலாக பற்றரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கை ஒரு சிறு பையில் இட்டு உள்ளே வையுங்கள்.

பூங்காவுக்குப் போகும் நாளில் இன்னொன்று செய்யலாம். பனி ஈரமாக இருக்கும் நாளில் பனி உருண்டைகளை வட்டமாக அடுக்கி, மேலே போகப் போக வட்டத்தைச் சுருக்கி, ஒரு சிறு கோபுரமாக்கி உள்ளே விளக்கு வைப்பது சுவீடன் பிள்ளைகளின் வழக்கம். நான்கு வயதுப் பிள்ளைக்கு உருண்டை பிடிப்பது கை கண்ட வேலை. மைனஸ் 10க்குக் கீழான உலர்ந்த பனி உருண்டையாகப் பிடிபடாது. பூச்சியத்தை ஒட்டிய நாளாகப் பார்த்துப் போங்கள்.


மருந்துக்குப்பி (மிசிசாகா) மறுமொழி எழுதுகிறார்:

நல்ல யோசனைகள். மருந்தகத்தில் பணிபுரிபவன் என்பதால் சில எச்சரிக்கைகளை இங்கே சேர்க்க விரும்புகிறேன். இவற்றைப் பெற்றோர் தயவுசெய்து கவனமாக வாசிக்க வேண்டும்.

மேலே சொன்ன சிறு எல்.இ.டி. விளக்குகளில் பல, காசு போன்ற தட்டையான பற்றரியால் எரிபவை. அந்தப் பற்றரியைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும், உயிரிழப்புகளும் நேர்ந்திருக்கின்றன. பற்றரி இருக்கும் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும் விளக்கையோ, விரல் போன்ற நீள பற்றரி போடும் விளக்கையோ மட்டும் வாங்குங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இணையத்தில் போராக்ஸ் (சலவைக்குப் பயன்படும் ஒரு வெள்ளைத் தூள்) கரைசலில் கம்பியைத் தொங்கவிட்டுப் பனிப்பூ வளர்க்கும் செய்முறைகள் நிறைய இருக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் செய்யும் கைவேலைகளில் போரிக் அமிலத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று கனடாவின் சுகாதாரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டிலேயே பெற்றோருக்கு அறிவுறுத்தியிருக்கிறது. போராக்ஸும் அதே போரேட்டு வகையைச் சேர்ந்ததுதான். கையை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது தேவையே இல்லை, வெண்கட்டி அம்மா சொன்ன எப்சம் உப்பே போதும். அதையும் குடிக்கக் கூடாது. குவளையில் ஊற்றாமல் தட்டையான கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

பலூனில் வண்ண நீர் நிரப்பி உறையவைக்கும் வேலையையும் பலர் பரிந்துரைக்கிறார்கள். கிழிந்த பலூன் துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடும். நான்கு வயதுப் பிள்ளையின் கையில் அதைக் கொடுக்க வேண்டாம். கோதுமை மாவும் உப்பும் பிசைந்து உருவங்கள் செய்வதானால் பச்சை மாவை வாயில் வைக்க விடாதீர்கள். 2016–17 காலத்தில் கனடாவில் மாவின் வழியே ஈ.கோலை கிருமி பரவிப் பலர் நோயுற்றார்கள்.


முல்லைக்கொடி எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பற்றரியைப் பற்றிச் சொன்னது மிகவும் பயனுள்ளது. வீட்டிலுள்ள சிறு விளக்குகளை எல்லாம் எடுத்துச் சோதித்தேன், இரண்டை உயரத்தில் எடுத்து வைத்துவிட்டேன். உப்புப் படம் இருவருக்கும் மிகவும் பிடித்துவிட்டது. மகள் சமையல் உப்பின் கனசதுரங்களைப் பார்த்துவிட்டுச் சீனியிலும் செய்து பார்க்க வேண்டும் என்கிறாள்.

இன்னும் இரண்டு கேள்விகள். பறவைகளுக்கு உணவு கட்டித் தொங்கவிடும் கைவேலையை மகள் பாடசாலையில் கேள்விப்பட்டு வந்து கேட்கிறாள். எங்கள் கட்டடத்தில் பால்கனியில் பறவைகளுக்கு உணவு வைப்பதற்குத் தடை இருக்கிறது. அடுத்து, பொங்கலுக்கு வாசலில் கோலம் போட இங்கே நடைபாதைத் தரை விரிப்புத்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?


வெண்கட்டி எழுதுகிறார்:

பறவை உணவை நீங்கள் வீட்டில் செய்து, முற்றமுள்ள உறவினர் வீட்டு மரத்தில் கட்டலாம். பைன் மரத்தின் காய்ந்த கூம்பில் தாவரக் கொழுப்பைத் தடவி, ஓட்ஸிலும் உப்பிடாத சூரியகாந்தி விதையிலும் உருட்டி, சணல் கயிற்றில் கட்டினால் முடிந்தது. நிலக்கடலை வெண்ணெய் தடவுவோரும் உண்டு. வகுப்புத் தோழர் எவருக்காவது கடலை ஒவ்வாமை இருந்தால் அதைத் தவிருங்கள். சன்னல் கண்ணாடியில் பறவைகள் வேகமாக மோதி இறப்பது உண்டு. ஆகவே உணவைக் கண்ணாடிக்கு அரை மீற்றருக்குள் மிக நெருக்கமாகவோ, பத்து மீற்றருக்கு அப்பாலோ கட்டச் சொல்லுங்கள். சிக்கடீ குருவிகள் குளிர்காலம் முழுவதும் இங்கேயே தங்குபவை. ஒரு விதையை எடுத்துக்கொண்டு பறந்து, மரப்பட்டை இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டு மீண்டும் வருவதைப் பிள்ளைகள் காணலாம்.

கோலத்தைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் சொல்லட்டும்.


புள்ளிக்கோலம் (ஒட்டாவா) மறுமொழி எழுதுகிறார்:

வணக்கம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்தவள். மார்கழி முழுவதும் வாசலில் கோலம் போட்டு வளர்ந்தேன். இங்கே ஒட்டாவாவில் மார்கழியும் தையும் பனிக்குள் புதைந்திருப்பதால் எங்கள் பிள்ளைகள் பனியின் மேலேயே கோலம் போடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கும் ஏற்ற வழி ஒன்று இருக்கிறது.

அகலமான பேக்கிங் தட்டு ஒன்றில் வெளியிலிருந்து சுத்தமான பனியை நிரப்பி, மேற்பரப்பைத் தட்டிச் சமன் செய்து, சமையலறை மேசையில் வையுங்கள். தட்டை முன்கூட்டியே குளிரவைத்திருந்தால் பனி விரைவில் உருகாது. சோஸ் ஊற்றும் கூர்முனைப் போத்தலில் குளிர்ந்த வண்ண நீரை நிரப்பிக் கொடுத்தால் மகள் கோடு இழுப்பாள். மகனுக்குச் சொட்டுக் குழாய் கொடுத்தால் அவன் புள்ளி வைப்பான். புள்ளி வைப்பது தம்பியின் பொறுப்பு, இணைப்பது அக்காவின் பொறுப்பு என்று பிரித்துவிட்டால் சண்டை வராது. கோலத்தில் அது உண்மையாகவே இரு வேறு வேலைகள்தான். என் பாட்டி எனக்கு முதலில் கொடுத்ததும் புள்ளி வைக்கும் வேலையை மட்டுமே.

எந்தக் கோலம் என்பதற்கு வெண்கட்டி அம்மா எழுதிய ஆறு கைகளிலேயே விடை இருக்கிறது. நேர்ப்புள்ளியில் புள்ளிகள் சதுரமாக நிற்கும். ஊடுபுள்ளியிலோ மேல் வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே கீழ் வரிசையின் புள்ளி விழும். ஊடுபுள்ளியாக இரண்டு, மூன்று, இரண்டு என்று மூன்று வரிசை வைத்தால் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி ஆறு புள்ளிகளும் அமையும். நடுப்புள்ளியிலிருந்து ஆறுக்கும் கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு சிறு கிளை வைத்தால் பிள்ளைகள் கறுப்புத் துணியில் பார்த்த அதே பனிப்பூ கிடைக்கும். கை பழகிய பிறகு மூன்று, நான்கு, ஐந்து, நான்கு, மூன்று என்று பத்தொன்பது புள்ளிகளுக்குப் போகலாம். அதில் அறுமுனை நட்சத்திரமும் சுற்றிலும் இதழ்களும் வரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது கடினமல்ல, புள்ளிகளுக்கு இடையே சம தூரம் விடுவதுதான் கடினம். அதற்கு ஒரு விரல் இடைவெளி என்று அளவு சொல்லிக் கொடுங்கள்.

வண்ணத்துக்குச் சமையலறையே போதும். மஞ்சள்தூள் கரைத்த நீர் பனியில் நன்றாகத் தெரியும். அதில் ஒரு பங்கைத் தனியே எடுத்துச் சிறிது சமையல் சோடாவைப் போட்டால் செம்மஞ்சளாகச் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலக்கும்போது நிகழ்வதும் இதுவே. இந்த மாற்றத்தைப் பிள்ளைகளே செய்து பார்க்கட்டும். பீற்றூட் அவித்த நீர் நல்ல சிவப்பைத் தரும்.

பொங்கலன்று வெளியே பெரிதாகப் போட விரும்பினால் பூங்காவில் யாரும் மிதிக்காத பனிப்பரப்பைத் தேர்ந்து, புள்ளிகளைக் கையுறையிட்ட விரலாலேயே குத்திவிட்டு வண்ணத்தை ஊற்றலாம். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28ஐத் தாண்டிய நாளில் போக வேண்டாம். மூடாத தோல் பத்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும். அப்படிப்பட்ட நாளில் தட்டுக் கோலத்தையே போட்டுப் பால்கனியில் பொங்கல் பானைப் படத்துக்கு அருகில் வைத்துவிடுங்கள், குளிர் இருக்கும் வரை உருகாது. மஞ்சள் கறை துணியிலிருந்து போகாது என்பதால் இருவருக்கும் பழைய உடுப்பைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.